மைக்கில் படிக்க ஒரு சீட்டு

முரளி,

நேற்று போன் கட் ஆகவில்லை. டவர் போய்விட்டது என்று உன் அப்பா உனக்குச் சமாதானம் சொன்னாராம், அது பொய். நான்தான் வைத்தேன். "இன்னாம்மா, ஒரு பெரிய மனுஷன் வந்து தாலி எடுத்துக் குடுத்தா உனுக்கு இன்னா கொறஞ்சிடும்?" என்று நீ கேட்டாய். அதற்கு மேல் நான் வாயைத் திறந்திருந்தால், கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில் பேசக்கூடாத வார்த்தை வந்திருக்கும். அதனால் வைத்துவிட்டேன். உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. இருபத்தொரு வருஷமாக இருக்கிறது. அது போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. பெங்களூரில் ஆபீஸ் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், அப்போது இதைப் படி. நடுவில் யாராவது கூப்பிட்டால் எடுக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வருங்கால மாமனார் கிளியனூரிலிருந்து பத்திரிகை புரூஃபோடு வந்தார். புரூஃபுக்கே நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொண்டுவருகிற மனிதர் அவர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நம் இரண்டு வீட்டிலும் ஐயர் வைக்கிற வழக்கம் இல்லை என்பதால் தலைமை தாங்க ஒருவர் வேண்டும். அவர்தான் மைக்கைப் பிடித்து, மணமகன் யார், யாருடைய மகன், மணமகள் யார், யாருடைய மகள் என்று சபைக்கு அறிமுகப்படுத்தி, உறுதிமொழி சொல்லவைத்து, தாலியை எடுத்து உன் கையில் கொடுப்பார். புரூஃபில் அந்த இடத்தில், உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில், பவித்ரா வேலை பார்க்கிற விழுப்புரம் பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டன்டின் பெயர் இருந்தது. நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "அவரு வர்றேன்னு ஒத்துக்கினதே பெரிய விஷயங்க சம்பந்திம்மா. பாப்பாவ அடுத்த வருஷம் பர்மனென்ட் பண்றேன்னு வாயால சொல்லிக்கீறாரு. இப்ப போயி வேற ஆள வச்சா மனசுல வச்சிக்குவாருங்க" என்றார் உன் மாமனார். மனசில் வைத்துக்கொள்வது அவருக்கு மட்டும்தான் தெரியுமா? யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அந்தக் கரஸ்பாண்டன்டை உனக்கு முன்பே தெரியும் முரளி. உனக்கு நினைவில்லை, அவ்வளவுதான். 1993-இல் நான் அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் டீச்சர். நீ அதே பள்ளியில் எல்.கே.ஜி. "முன்னாடி விழுப்புரத்துல ஒரு ஸ்கூல்ல இருந்தேன்" என்பதோடு இந்தப் பேச்சை நான் எப்போதும் நிறுத்திக்கொள்வேன், நீயும் அதற்குமேல் கேட்டதில்லை. தினமும் காலை ஏழு மணிக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஏறுவோம். நீ என் மடியில் தூங்கி, கூட்டேரிப்பட்டு வரும்போது விழித்து, "வந்துடுச்சா?" என்று கேட்டு, மறுபடி தூங்குவாய். உன் டையைப் பஸ்ஸிலேயே கட்டிவிடுவேன். உன் அப்பா அப்போது மரக்காணம் ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டர். அவருக்கும் எங்களுக்கும் பஸ் ஸ்டாண்டில் கையாட்டிக்கொள்வதோடு சரி.

நான் எப்படி டீச்சர் ஆனேன் என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பள்ளியில் எனக்கு நடந்தது உனக்குப் புரியாது. தபால் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள் நான். பாடம் தபாலில் வந்தது, பரீட்சையைக் கையால் எழுதினேன், பட்டமும் தபாலில் வந்தது. அதுவரை ஒரு ஆளோடும் ஒரு வாக்கியம் இங்கிலீஷில் பேசியதில்லை. மாடு வைத்திருந்த வீட்டில் யாரோடு பேசுவது? கேள்வித்தாளில் எதைக் கொடுத்தாலும் எழுதுவேன், வாயைத் திறக்கச் சொன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பாடத்தைத் தமிழில் விளக்கி, விடையை இங்கிலீஷில் போர்டில் எழுதிச் சமாளித்து வந்தேன். அந்தப் பள்ளியில் வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்று விதி இருந்தது. விதி எனக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்துவேன்.

அன்று எட்டாம் வகுப்பு பி பிரிவில் 'வில்' எங்கே போடுவது, 'வுட்' எங்கே போடுவது என்று நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு எப்போதும் குழப்பம் தருகிற இடம் அது. புத்தகத்தில் இருந்தது எல்லாம் லண்டன் மழை, குடை, குதிரை. அதை மூடி வைத்துவிட்டு, திண்டிவனம் பஸ்ஸை எடுத்துக்கொண்டேன். "ஏழு மணி பஸ்ஸு தெனமும் வருது, நாளைக்கும் வரும். அதுல உனக்குச் சந்தேகம் இல்ல, அப்ப 'வில்' போடு. எனக்கு றெக்கை இருந்தா பறந்தே விழுப்புரம் வந்துடுவேன். இருக்கா? இல்ல. சும்மா நெனச்சுப் பாக்கறோம், அப்ப 'வுட்' போடு" என்றேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "பஸ்ஸு போயே பூட்ச்சுன்னா டீச்சர்?" என்றான். "ஓடி வந்திருந்தா புடிச்சிருப்பேன்னு பெருமூச்சு வுடுவே இல்ல, அதுக்குத்தான்டா 'வுட் ஹேவ்'. அது பஸ்ஸ வுட்டவனோட கிராமரு" என்றேன். வகுப்பே சிரித்தது. புரிந்ததால் வந்த சிரிப்பு அது, எந்த டீச்சருக்கும் காதில் கேட்டால் தெரியும். நானும் சேர்ந்து சிரித்தேன். திரும்பினால் கதவு திறந்திருந்தது, கரஸ்பாண்டன்ட் நின்றுகொண்டிருந்தார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட மறந்திருப்பேன். உள்ளே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, இப்போது சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னார். நான் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வில் ஈஸ்..." என்றேன். மறுபடி "வில் ஈஸ்..." என்றேன். மூன்றாவது தடவை அதுவும் வரவில்லை. அவர் முன் பெஞ்சிலிருந்த வகுப்புத் தலைவியை எழுப்பி, என்னை அவள் இடத்தில் உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். அந்தப் பெண் போர்டுக்குப் போய், நான் ஐந்து நிமிஷம் முன்னால் பஸ்ஸையும் றெக்கையையும் வைத்துச் சொன்னதை அழகான இங்கிலீஷில் சொன்னாள். "பாரு, உங்க டீச்சரைவிட நீ நல்லா நடத்தற" என்று அவர் அவளைத் தட்டிக்கொடுத்தார். இப்போதும் வகுப்பு சிரித்தது. அந்த இரண்டு சிரிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் இத்தனை வருஷமாக நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கிறேன்.

அதோடு விடவில்லை. மறுநாள் காலை அசெம்பிளியில் படிக்கச் சொல்லி ஒரு தாளை டைப் அடித்துக் கொடுத்தார்கள். ஆசிரியையாக இருக்க எனக்குத் தகுதி இல்லை, மன்னித்து இன்னொரு வாய்ப்புக் கொடுத்தால் இனிமேல் வகுப்பில் தமிழ் பேசமாட்டேன் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. பேசத்தான் வராது, படிக்க வருமே. வேலை வேண்டும் என்பதால் படித்தேன். மைக் சத்தம் தெருவரைக்கும் கேட்டது, வாசலில் வேன் டிரைவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசையில், எல்.கே.ஜி. பிள்ளைகள். மைக்கில் யார் என்ன பேசி முடித்தாலும் கை தட்ட வேண்டும் என்று உங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். நான் முடித்ததும் மற்ற வகுப்புகள் எல்லாம் கம்மென்று இருந்தன. எல்.கே.ஜி. மட்டும் தட்டியது. அதில் எல்லாரைவிடப் பலமாக, அம்மா மேடையில் நிற்கிறாள் என்ற சந்தோஷத்தில், எம்பி எம்பித் தட்டியவன் நீ. உன்மேல் தப்பில்லை. நாலு வயசு. ஆனால் அன்று என் வயிறு எரிந்த எரிச்சலை நான் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. ஒரு வாரம் கழித்து வேலையைவிட்டும் அனுப்பிவிட்டார்கள். நான் கேட்ட இன்னொரு வாய்ப்பு அந்தத் தாளோடு சரி.

அசெம்பிளி நடந்த அன்று சாயங்காலம் உன் அப்பா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் மட்டும் அங்க இருந்திருந்தா பாத்துக்கினு சும்மா இருந்திருப்பேனா? சட்டையப் புடிச்சிருப்பேன்" என்றார். பிறகு குளிக்கப் போனார். மறுநாள் டூட்டிக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார். பஸ்ஸை விட்டவனுடைய கிராமர் என்று நான் வகுப்பில் கிண்டலாகச் சொன்னது என் வீட்டிலேயே துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நல்ல மனுஷன்தான், ஒரு நாள் கை நீட்டியதில்லை, இன்றைக்கும் எனக்கு முன்னால் எழுந்து வாசல் தெளிக்கிறவர். ஆனாலும் அந்த 'இருந்திருந்தா'வை நான் அவருக்கு மன்னிக்கவில்லை. இதை உனக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாளைக்குப் பவித்ரா இப்படி ஒரு முகத்தோடு வேலையிலிருந்து வந்தால், நீ அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று மட்டும் அவளிடம் சொல்லாதே. அவளுக்கு அது தேவையில்லை. நாளைக்குக் காலையில் என்ன செய்வாய் என்று சொல். சொல்ல ஒன்றும் இல்லை என்றால் வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்.

பிறகு நான் செய்ததைக் கேள். முதலில் மாட்டியது நீதான். இங்கிலீஷ் பேசாத வாயால்தானே எனக்கு இந்தக் கதி, என் பிள்ளைக்கு அப்படி வரக்கூடாது என்று வீட்டில் தமிழையே தடுத்துவிட்டேன். தண்ணீர் வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டால்தான் டம்ளர் வரும். தப்பாகக் கேட்டால் மரஸ்கேல். ஒருநாள் நீ தாகத்தை அடக்கிக்கொண்டே தூங்கிப்போனாய். மூன்றாம் வகுப்பில் உனக்குப் பேச்சு திக்க ஆரம்பித்தது நினைவிருக்கும். டாக்டரிடம், பரம்பரையாக இருக்குமோ என்று கேட்டேன். பரம்பரை இல்லை, நான்தான். ஒரு வருஷம் கழித்து, திக்கித் திக்கி நீ உன் அப்பாவிடம், "அம்மாவுக்கு என்ன புடிக்கலையாப்பா?" என்று தமிழில் கேட்டதை சமையலறையிலிருந்து கேட்டேன். அன்றோடு ஸ்கேலை முறித்துப் போட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. மன்னிப்பு என்றாலே எனக்கு அந்த மைக் ஞாபகம் வந்துவிடும். இப்போது எழுத்தில் கேட்கிறேன், வைத்துக்கொள்.

உன்னிடமிருந்து திருப்பிய கோபத்தை வைத்துத்தான் ரயில்வே கேட் பக்கத்தில் சைக்கிள் கடை மாடியில் டுடோரியல் ஆரம்பித்தேன். பத்தாவதில் இங்கிலீஷில் ஃபெயிலான பிள்ளைகளைச் சேர்த்து, கதவை அகலத் திறந்து வைத்து, தமிழில் பாடம் நடத்தினேன். அதே பஸ், அதே றெக்கை. கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கிவிட்டு வந்த பையன்கள்கூட மூன்று மாதத்தில் பாஸ் பண்ணினார்கள். அந்தக் கரஸ்பாண்டன்டின் பள்ளிக்கு நம் ஊர்ப் பக்கமிருந்தும் வேன் போகும். அங்கே ஃபெயிலாகி என்னிடம் வந்த பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குத் தீபாவளி. அவர்களுக்கு முன் பெஞ்சு, தனி கவனம், ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு. கவர்ன்மெண்ட் ஸ்கூல் பிள்ளைகளைப் பின்னால் தள்ளினேன். பெற்றவர்கள் என்னை நம்பி அனுப்பிய பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுதான் என்று நான் நினைக்கவில்லை. அதுவும் தப்புதான், எழுதிவைக்கிறேன்.

செப்டம்பரில் பாஸானதும் போஸ்டர் அடிப்போம், உனக்கு மறந்திருக்காது. மற்ற டுடோரியல்காரர்கள் பிள்ளைகளின் போட்டோவையும் மார்க்கையும் போட்டு பஸ் ஸ்டாண்டில் ஒட்டுவார்கள். நான் போட்டோவுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன். 'மார்ச்சில் அங்கே ஃபெயில், செப்டம்பரில் இங்கே பாஸ்.' அதைக் கொண்டுபோய் விழுப்புரத்தில் அவருடைய பள்ளிக்கூடச் சுவரிலேயே ஒட்டவைத்தேன். அங்கே என்றால் எங்கே என்று சுவரே சொல்லிவிடும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாட்ச்மேன் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து, உன் அப்பா பக்கெட்டோடு போவார். நீ வீட்டில் மைதா பசை கிண்டுவாய். "இன்னா பேஜாருடி இது, போலீஸ் புடிச்சா என் வேலை பூடும்" என்று புலம்பிக்கொண்டே போவார், ஆனாலும் போவார். சட்டையைப் பிடித்திருப்பேன் என்று சொன்னதற்கு அது ஈடு என்று நினைத்தாரோ என்னவோ. திங்கட்கிழமை கிழிப்பார்கள், அடுத்த ஞாயிறு மறுபடி ஒட்டுவோம். நாலாவது வருஷம் கரஸ்பாண்டன்ட் ஆள் அனுப்பினார். வந்த ஆள் என்ன கேட்டான் தெரியுமா? "சார் கேக்கச் சொன்னாருங்க, நீங்க யாரு, அவரு மேல உங்களுக்கு இன்னா கோவம்னு." அவருக்கு என்னை நினைவே இல்லை முரளி. என் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட காலைப்பொழுது அவருக்கு ஒரு சாதாரண காலைப்பொழுது. அந்த வருஷம் இரண்டு மடங்கு போஸ்டர் அடித்தேன்.

பழைய பிள்ளைகளின் போட்டோவையும் எடுக்காமல், ஒவ்வொரு வருஷமும் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டே போனேன். போஸ்டர் பெரிதாகிக்கொண்டே போனது. அதில் ஒரு மூலையில் அமுதாவின் போட்டோ இருந்தது. தையல்காரர் மகள், அந்தப் பள்ளியில் படித்து ஃபெயிலாகி என்னிடம் வந்து பாஸானவள். அதற்கு அப்புறம் பிளஸ் டூ முடித்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, இருபத்தொரு வயசில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பையன் வீடு விழுப்புரம், அந்தப் பள்ளிக்கூடச் சுவருக்கு எதிர் வீடு. நிச்சயத்துக்கு நாலு நாள் முன்னால் பையனின் அம்மா காய்கறி வாங்க வெளியே வந்தவள் எதிர்ச்சுவரில் வரப்போகிற மருமகளைப் பார்த்தாள். ஃபெயில் என்ற எழுத்துக்குப் பக்கத்தில். பெண் வீட்டில் அதை மறைத்துத்தான் பேசியிருந்தார்கள். நிச்சயம் நின்றுபோனது.

அமுதா டுடோரியலுக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "பாஸ் பண்ணதத்தானேம்மா போட்டேன்" என்று நான்தான் முதலில் பேசினேன். எவ்வளவு திமிர் பார். அவள் என்னை நேராகப் பார்த்து, "உங்க சண்டைக்கு என் மூஞ்சி எதுக்கு டீச்சர்?" என்றாள். அன்று மத்தியானமே பஸ் ஏறிப்போய், அந்தச் சுவர் முழுக்க நானே தண்ணீர் ஊற்றித் தேங்காய் ஓட்டால் சுரண்டினேன். நகமெல்லாம் பெயர்ந்தது. வாட்ச்மேன் பார்த்துவிட்டு, ஒட்டுகிறவள் நான் என்று தெரியாமல், "பாவம், யாரோ அடிச்ச கூத்து, நீங்க ஏம்மா கஷ்டப்படறீங்க?" என்று குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கப்புறம் போஸ்டர் அடித்ததில்லை. அமுதாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது, நன்றாகத்தான் இருக்கிறாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் திருப்பிக்கொள்வது நியாயம்.

இப்போது புரூஃபுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாலு நாளாக எனக்குள் ஒரே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆள் பெயர் அச்சாகக் கூடாது. அச்சானால் நான் மண்டபத்துக்கு வரமாட்டேன். மகன் கல்யாணத்தில் அம்மா நாற்காலி காலியாக இருக்கட்டும், ஏன் என்று ஊர் கேட்கட்டும், கேட்கிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன் என்று கறுவிக்கொண்டிருந்தேன். இதை உனக்குச் சொல்லத்தான் நேற்று போன் பண்ணினேன். பண்ணிப் பேசிக்கொண்டிருக்கும்போதே பவித்ராவின் ஞாபகம் வந்தது. நாலாம் வகுப்பு டீச்சர். நான் நின்ற அதே வராந்தாவில் நிற்கிறாள். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் அவள் மறுபடி அந்த வாசலில்தான் கையெழுத்துப் போட வேண்டும். என் நாற்காலி காலியாக இருந்தால் அவர் என்னை ஒன்றும் செய்ய முடியாது. அவளைச் செய்வார். என் சண்டைக்கு அவள் மூஞ்சி எதுக்கு?

ஆகையால் பெயர் இருக்கட்டும். அச்சுக்குக் கொடுக்கச் சொல்லி உன் மாமனாருக்குக் காலையிலேயே போன் பண்ணிவிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். சந்தோஷத்தில் இன்னொன்றும் சொன்னார். "கரஸ்பாண்டன்டு சாருக்கு இப்ப கண்ணு அவ்ளவா தெரியலைங்க சம்பந்திம்மா. மைக்ல இன்னா பேசணும்னு பெரிய எழுத்துல ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துட்டா அப்படியே படிச்சுடுவாரு. போற கல்யாணத்துல எல்லாம் அப்படித்தான். நீங்க டீச்சராச்சே, நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்றார். நான் சரி என்று சொன்ன குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவரை மன்னிக்கவில்லை. மண்டப வாசலில் சந்தனம் கொடுத்து, கை கூப்பி, வாங்க என்று கூப்பிடுவேன். கூப்பிடும்போது மனசுக்குள் என்ன சொல்வேன் என்பது எனக்கும் கடவுளுக்கும் தெரிந்தால் போதும். சீட்டு எழுத உட்கார்ந்ததும் முதலில் நான் எழுதியதை நீ பார்த்திருந்தால் என்னைக் கல்யாணத்துக்கே சேர்த்திருக்கமாட்டாய். அவர் அன்று செய்தது அத்தனையும், தேதி முதற்கொண்டு, அவர் வாயாலேயே சபைக்குச் சொல்கிற மாதிரி எழுதினேன். பாதி படித்ததும் புரிந்துகொண்டு நிறுத்திவிடுவார் என்று கிழித்தேன். தெரியாத மாதிரி ஒரு பாராட்டை நீளமாக எழுதினேன், என் புகழை நானே எழுத வெட்கமாக இருந்தது, அதையும் கிழித்தேன். நாலு தாள் போனது. ஐந்தாவது தாளில் உள்ளதுதான் மிச்சம். முதல் வரி இது: 'மணமகன் முரளி, நமது பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகப் பணியாற்றிய', அதற்கப்புறம் என் பெயர், பிறகு உன் அப்பா பெயர், 'ஆகியோரின் மகன்.' அவ்வளவுதான். அதில் பொய் ஒன்றும் இல்லை. யார் வேலையும் போகாது. உன் மாமனார் படித்துப் பார்த்து, "ஓ, நீங்களும் அங்கதான் இருந்தீங்களா, சொல்லவேல்லையே" என்று இன்னும் சந்தோஷப்படுவார்.

அன்று அவர் எழுதிக் கொடுத்ததை நான் மைக்கில் படித்தேன். இப்போது நான் எழுதிக் கொடுப்பதை அவர் மைக்கில் படிப்பார். என் பெயரைப் பார்த்ததும் அவருக்கு நினைவு வந்தால், அந்த இடத்திலேயே அவர் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று அவரும் தெரிந்துகொள்ளட்டும். நினைவு வராவிட்டால், தடங்கல் இல்லாமல் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். எப்படியானாலும் ஆசிரியை என்று சொல்லாமல் அந்த வரியைக் கடக்க முடியாது. எழுத்தைப் பெரிதாகவே எழுதியிருக்கிறேன், கண்ணாடி மறந்து வந்தாலும் தெரியும்.

பவித்ராவிடம் இதையெல்லாம் இப்போது சொல்லாதே. மேடையில் அவள் முகத்தில் கல்யாணக் களை மட்டும் இருக்கட்டும். பிறகு ஒருநாள், அவளாகவே பள்ளிக்கூடத்தைப் பற்றிக் குறை சொல்லும்போது, இந்தக் கடிதத்தை எடுத்துக் கொடு. வகுப்பில் கதவைச் சாத்திக்கொண்டு தமிழில் நடத்துகிறாளா என்று மட்டும் கேட்டுச் சொல்.

உன்னிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நீ மாலையோடு நின்றுகொண்டிருப்பாய், கையில் பூச்செண்டு இருக்கும், எல்லாரும் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் அந்த முதல் வரியைப் படித்து முடித்ததும் பூச்செண்டைப் பவித்ராவிடம் கொடு. யார் சிரித்தாலும் பரவாயில்லை, போட்டோக்காரன் முறைத்தாலும் பரவாயில்லை. எல்.கே.ஜி.யில் தட்டினாயே, அதே மாதிரி எம்பி எம்பிக் கை தட்டு.

அம்மா